இடுப்பெலும்பா, வளர்ச்சிப் புரதமா?

வெள்ளவத்தையில் காலி வீதியைக் கடக்கும்போது மோட்டார் சைக்கிள் மோதி மாமாவின் கீழ்க்கால் எலும்பு முறிந்தது. எட்டு மாதமாகியும் பொருந்தவில்லை. வைத்தியர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்து, முறிவுக்கு நடுவே நூல் போல ஓடிய கறுப்புக் கோட்டைக் காட்டினார். அப்புறம் இரண்டு வழி சொன்னார்.

ஒன்று, மாமாவின் இடுப்பெலும்பிலிருந்தே கொஞ்சம் சுரண்டி எடுத்து அந்த இடைவெளியில் வைப்பது. உயிருள்ள கலங்கள், அவை பற்றி வளரச் சட்டகம், வளர்ச்சிப் புரதம் எல்லாம் அதிலேயே இருக்கின்றன. சொந்த எலும்பை உடல் நிராகரிக்காது. எடுத்த இடம்தான் வலிக்கும், சிலருக்கு மாதக்கணக்கில்.

மற்றது, பி.எம்.பி-2 என்ற வளர்ச்சிப் புரதத்தை வைப்பது. எலும்பை வளரத் தூண்டும் பொருள் எலும்புக்குள்ளேயே இருக்கிறது என்று 1965இல் அமெரிக்க எலும்பு வைத்தியர் மார்ஷல் யூரிஸ்ட் காட்டினார். சுண்ணாம்புச் சத்து நீக்கிய எலும்பைத் தசைக்குள் வைத்தார். அங்கே புதிய எலும்பு முளைத்தது! இன்று அத்தகைய புரதத்தை ஆய்வுகூடத்தில் தயாரித்து, கொலாஜன் பஞ்சில் ஊறவைத்து முறிவில் வைக்கிறார்கள். இடுப்பில் வெட்டு வேண்டாம். ஆனால் விலை மிக அதிகம். வீக்கம் வரலாம், வேண்டாத இடத்திலும் எலும்பு வளரலாம். கழுத்து முள்ளந்தண்டில் வைத்தவர்களுக்கு மூச்சுத்திணறல் வந்ததால் 2008இல் அமெரிக்க மருந்து நிர்வாகம் எச்சரித்தது. புற்றுநோய் உள்ளவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் கூடாது.

கீழ்க்காலுக்கு 2004இல் அமெரிக்காவில் இந்தப் புரதத்துக்குக் கிடைத்த அனுமதியும் தோல் கிழிந்த புதிய முறிவுக்கு, 14 நாளுக்குள் வைப்பதற்குத்தான். மாமாவினுடையதோ பழைய முறிவு. சரி, இடுப்பு வலியைப் பொறுத்துக்கொள்ளலாம் மாமா என்றுதான் நான் சொன்னேன்.