வேண்டுமென்றே தப்பாகப் பதில் போட்டுப் பார்த்தேன்: பிள்ளைகளின் படிப்புக்கான சில இணையத்தளங்கள்

சிங்கப்பூரில் நாங்கள் இருக்கும் அடுக்குமாடி புளோக்கில் பள்ளிப் பிள்ளைகள் உள்ள வீடுகளுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. ஜூன் விடுமுறை நெருங்கினால் போதும், இணைப்புகள் வந்து கொட்டும். ‘ரொம்ப யூஸ்ஃபுல், பாருங்க’ என்று ஒரு வரி, அடியில் ஒரு முகவரி, கூடவே கைகூப்பும் படம். எந்த வகுப்புக்கு, எந்தப் பாடத்துக்கு, காசு கேட்குமா கேட்காதா, ஒன்றும் இருக்காது. அனுப்பியவரே திறந்து பார்த்தாரா என்பது சந்தேகம்தான். எங்கிருந்தோ வந்தது, இங்கே தள்ளிவிட்டார், அவ்வளவுதான்.

என் வீட்டில் பெரியவன் உயர்நிலை இரண்டு, சின்னவள் தொடக்கநிலை ஐந்து. நான் சரக்கு அனுப்பும் நிறுவனம் ஒன்றில் கணக்கு பார்ப்பவள், ஆசிரியை இல்லை. ஆனாலும் ஒரு தளம் தேறுமா தேறாதா என்று பார்க்க ஒரு வழி வைத்திருக்கிறேன். திறந்ததும் ஏதாவது ஒரு கேள்விக்கு வேண்டுமென்றே தப்பான பதிலைப் போடுவேன். சிவப்புக் குறி போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குத் தாவினால் அந்தத் தளம் எனக்கு வேண்டாம். கடையில் வாங்கும் அசெஸ்மென்ட் பயிற்சிப் புத்தகத்திலாவது பின்பக்கத்தில் விடை இருக்கும். எந்த இடத்தில் பிசகியது என்று காட்டினால், சரி, இருக்கட்டும் என்று வைத்துக்கொள்வேன். சரியான பதிலுக்குத் திரை முழுக்க வாணவேடிக்கை விடுவதை நான் கணக்கில் எடுப்பதில்லை.

முதலில், ஏற்கெனவே கையில் இருப்பது. கல்வி அமைச்சின் மாணவர் கற்றல் தளம், பிள்ளைகள் பேச்சில் எஸ்எல்எஸ். 2018-இல் எல்லாப் பள்ளிகளுக்கும் வந்துவிட்டது. ஆனால் 2020 ஏப்ரலில் எல்லாரும் வீட்டிலிருந்து படித்தபோதுதான் பெற்றோர் பலருக்கு அதன் பெயரே பழகியது. ஆசிரியர் வேலை கொடுத்தால் செய்து அனுப்பும் இடம் என்று மட்டும் அதை நினைக்கிறோம். உள்ளே ஒரு பாட நூலகம் இருக்கிறது. ஆசிரியர் கொடுக்காத பாடத்தையும் பிள்ளை தானே தேடி எடுக்கலாம். எல்லாம் நம் பாடத்திட்டப்படி, நம் வகுப்பு வரிசைப்படி. தொடக்கநிலை ஐந்து கணிதத்துக்கு 2023-இல் ஒரு வசதியைச் சேர்த்தார்கள்: பிள்ளை போடும் விடைகளைப் பார்த்து, அடுத்து எதைக் கொடுக்கலாம் என்று அதுவே முடிவு செய்யும். என் தப்புப் பதில் சோதனையில் அது தேறிவிட்டது. புதிய தளம் தேடி அலைவதற்கு முன் இதைத் திறந்து பாருங்கள் என்றுதான் குழுவில் எல்லாரிடமும் சொல்கிறேன். யாரும் கேட்பதில்லை. இலவசமாகக் கையில் இருப்பதற்கு மரியாதை குறைவு போலிருக்கிறது.

அடுத்தது கான் அகாடமி. சல்மான் கான் என்பவர் (நடிகர் இல்லை, என் அம்மாவுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியிருந்தது) 2004-இல் சொந்தக்காரப் பெண் ஒருத்திக்குத் தொலைவிலிருந்து கணக்குச் சொல்லிக் கொடுக்கப் போய், 2008-இல் இலாப நோக்கில்லாத அமைப்பாக ஆக்கிய தளம். காசு இல்லை, விளம்பரம் இல்லை. தப்பாகப் பதில் போட்டால் மறுபடி முயலச் சொல்லும். கேட்டால் குறிப்புகளை ஒவ்வொரு படியாகத் திறக்கும். முழு விடையையும் ஒரேயடியாகக் கொட்டுவதில்லை என்பது எனக்குப் பிடித்தது. பிள்ளை முதல் குறிப்பைப் பார்த்ததும் ‘ஓ’ என்று சொல்லிவிட்டு மீதியைத் தானே போட்டுவிடுகிறாள்.

ஆனால் அது அமெரிக்கப் பள்ளிகளுக்கு எழுதப்பட்டது. அங்கே ஐந்தாம் வகுப்பு என்று போட்டிருப்பதை இங்கே தொடக்கநிலை ஐந்து என்று எடுத்துக்கொண்டால் பாதி ஒட்டும், பாதி ஒட்டாது. அங்குலமும் பவுண்டும் குறுக்கே வரும். வகுப்பு எண்ணைப் பார்க்காமல் பாடத்தின் பெயரைத் தேடுங்கள். அதைவிடப் பெரிய சிக்கல் கதைக் கணக்கில் இருக்கிறது. சின்னவளின் பயிற்சித்தாளில் வருவது போன்ற ஒரு கணக்கு:

ரவி தன் பணத்தில் ஐந்தில் இரண்டு பங்குக்குப் புத்தகம் வாங்கினான். மீதியில் மூன்றில் ஒரு பங்குக்குப் பேனா வாங்கினான். கையில் 24 வெள்ளி இருக்கிறது. முதலில் எவ்வளவு வைத்திருந்தான்?

நம் பிள்ளைகள் இதற்கு நீளமாக ஒரு பட்டை வரைந்து ஐந்து கட்டமாகப் பிரிப்பார்கள். புத்தகத்துக்கென்று இரண்டு கட்டத்தை அடித்துவிடுவார்கள். மீதி மூன்று கட்டம். அதில் ஒன்று பேனாவுக்கு. மிஞ்சிய இரண்டு கட்டம் 24 வெள்ளி என்றால் ஒரு கட்டம் 12, ஐந்து கட்டம் 60. மீதியில் மூன்றில் ஒன்று என்பது மொத்தத்தில் ஐந்தில் ஒன்றுதான் என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை, கண்ணுக்கே தெரிகிறது. இந்தப் பட்டை முறை 1980களில் இங்கே நம் கல்வி அமைச்சு உருவாக்கியது. கான் அகாடமியில் இதே மாதிரிக் கணக்குகள் பெரும்பாலும் எக்ஸ் வைத்துச் சமன்பாடாகப் போகும். இயற்கணிதத்தையே இன்னும் தொடாத தொடக்கநிலை ஐந்து பிள்ளைக்கு அது குழப்பம்தான். அதனால் சின்னவளுக்குப் பின்னப் பெருக்கல், சதவீதம், கோணம் போன்ற பழக்கக் கணக்குகளுக்கு மட்டும் அந்தத் தளம். கதைக் கணக்குக்கு எஸ்எல்எஸ்ஸும் பேப்பரும் பென்சிலும். பெரியவனுக்கோ நேர்மாறு. காரணிப்படுத்தல், இரு சமன்பாடுகளைச் சேர்த்துத் தீர்ப்பது என்று அவனுடைய பாடத்தில் பெரும்பகுதி அப்படியே அங்கே இருக்கிறது. யாராவது குழுவில் ‘கான் அகாடமி நல்லா இருக்கு’ என்று மொட்டையாகச் சொன்னால் எனக்குக் கை துறுதுறுவென்று வருவது இதனால்தான்.

அறிவியலுக்கு என் ஓட்டு, திரையிலேயே சோதனை செய்து பார்க்கும் ஃபெட் (PhET) தளத்துக்கு. அமெரிக்காவின் கொலராடோ போல்டர் பல்கலைக்கழகம் நடத்துவது. நோபெல் பரிசு பெற்ற இயற்பியல் அறிஞர் கார்ல் வீமன் 2002-இல் தொடங்கினார். பதிவு செய்யாமலே விளையாடலாம். மின்சுற்றுப் பாடம் நடந்தபோது சின்னவளுக்கு அந்தத் தளத்தின் மின்சுற்றுப் பெட்டியைத் திறந்து கொடுத்தேன். மின்கலம், கம்பி, விளக்கு, சுவிட்ச் எல்லாம் ஓரத்தில் அடுக்கி இருக்கும். இழுத்துப் போட்டு முனையோடு முனை சேர்த்தால் விளக்கு எரியும். இரண்டு விளக்கை ஒரே வரிசையில் போட்டால் இரண்டும் மங்கும். பக்க இணைப்பில், அதாவது தனித்தனிக் கிளையில் போட்டு ஒன்றைக் கழற்றினால் மற்றது அசையாமல் எரிந்துகொண்டிருக்கும். விளக்கே இல்லாமல் கம்பியால் மின்கலத்தின் இரு முனையையும் சேர்த்தாள், மின்கலம் தீப்பிடித்தது. அன்று மாலை முழுக்க அதைத்தான் திரும்பத் திரும்பக் கொளுத்திக்கொண்டிருந்தாள். பாடமும் அதுதான் என்பதால் விட்டுவிட்டேன்.

என் சோதனையில் இது தனி ரகம். தப்பு, சரி என்று எதுவும் சொல்லாது. தப்பாக இணைத்தால் விளக்கு எரியாது, அவ்வளவே. ஏன் எரியவில்லை என்று பிள்ளையே நோண்டிப் பார்க்க வேண்டும். ஆனால் நம் தேர்வுக்கு இது மட்டும் போதாது. தொடக்கநிலை ஆறின் முடிவில் எழுதும் பிஎஸ்எல்இ தேர்வில், அறிவியலில் விரிவாக எழுதும் கேள்விகளுக்கு, கண்ணால் கண்டதைக் காரணத்தோடு எழுத வேண்டும். ‘ஒரு விளக்கு போனாலும் இன்னொன்று எரியும்’ என்றால் பாதிதான். அந்த விளக்கு இருக்கும் சுற்று இன்னும் மூடியே இருக்கிறது, அதனால் மின்னோட்டம் அதன் வழியே பாய்கிறது என்று சேர்த்து எழுத வேண்டும். ஆகவே விளையாடி முடித்ததும் இரண்டு வாக்கியம் எழுதிக் காட்டினால்தான் அடுத்த ஆட்டம் என்பது எங்கள் வீட்டு விதி. ஃபெட்டில் இப்படிப்பட்ட பாவனைச் சோதனைகள் சில தமிழிலும் கிடைக்கின்றன. பள்ளியில் அறிவியல் ஆங்கிலத்தில் நடப்பதால் பிள்ளைக்கு அது தேவைப்படவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கும் பாட்டிக்குத் தேவைப்பட்டது.

பெரியவனுக்கு இன்னும் இரண்டு. பிபிசி பைட்சைஸில் அவன் வயது அறிவியல் சுருக்கமாக, படத்தோடு இருக்கிறது; சில காணொளிகள் பிரிட்டனுக்கு வெளியே ஓடாது. ஜியோஜீப்ரா கோட்டு வரைபடத்துக்கு. சாய்வு எண்ணை இழுத்து மாற்றினால் கோடு கூடவே திரும்பும். அவனுக்கு அது ஒரே மாலையில் பிடிபட்டது.

இனி, குழுவில் அதிகம் சுற்றுவது: பள்ளிகளின் பழைய தேர்வுத்தாள்களை அள்ளிக் குவித்திருக்கும் இலவசத் தளங்கள். பெயர் வேண்டாம், நான் பார்த்தவை ஒரே சாயல்தான். பதிவிறக்கு என்று பச்சையாகக் கொட்டை எழுத்தில் இருப்பது விளம்பரம். உண்மையான பொத்தான் கீழே பொடி எழுத்தில் இருக்கும். விடைத்தாள் சில சமயம் இருக்காது, இருந்தாலும் வழிமுறை இருக்காது. இதையெல்லாம் சகித்துக்கொண்டாலும் பாடத்திட்டம் மாறியிருக்கிறது. 2026 முதல் பிஎஸ்எல்இ கணிதத்தில் வேகம் பற்றிய பாடம் கிடையாது, உயர்நிலைக்குப் போய்விட்டது. பழைய தாள்களில் ஒரு காரும் ஒரு லாரியும் எதிரெதிரே புறப்பட்டு வந்துகொண்டே இருக்கும். வராத பாடத்துக்கு ஒரு சனிக்கிழமையைக் கொடுத்துவிட்டுப் பிள்ளை அழுவதை மேல்மாடி அக்கா வீட்டில் பார்த்தேன். தேர்வு மதிப்பீட்டுக் கழகத்தின் தளத்தில் பாட விவரம் இலவசமாக இருக்கிறது. ஒரு தாளைக் கொடுக்கும் முன் அதோடு ஒப்பிட்டுப் பார்க்க ஐந்து நிமிடம் ஆகாது.

காசு வாங்கும் தளங்களைப் பற்றி ஒன்றே ஒன்று. இலவச முன்னோட்டத்துக்குக் கடன் அட்டை எண் கேட்டால், முடியும் தேதியை அப்போதே கைபேசி நாள்காட்டியில் போட்டுவையுங்கள்.

தமிழுக்குத்தான் தேடல் நீளமாகப் போனது. தேசிய நூலக வாரியத்தின் உறுப்பினர் கணக்கு இருந்தால் லிபி செயலியில் தமிழ் மின்னூல்களை இரவல் வாங்கலாம். 1935-இல் தொடங்கிய தமிழ் முரசின் பழைய இதழ்கள் வாரியத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி தளத்தில் பக்கம் பக்கமாக இருக்கின்றன. பெரியவன் பள்ளிச் செய்முறை வேலைக்காகப் புரட்டப் போய், செய்தியை விட்டுவிட்டுப் பழைய விளம்பரங்களிலேயே உட்கார்ந்துவிட்டான். சில இதழ்களை நூலகக் கணினியில்தான் திறக்க முடியும், போகும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டு அரசின் தமிழ் இணையக் கல்விக்கழகம் 2001-இலிருந்து இருக்கிறது; இலக்கியம், அகராதி எல்லாம் அங்கே உண்டு. பழைய பாணித் தோற்றம், சின்னப் பிள்ளை தானாகப் போய்ப் படிக்காது. பெரியவர் எடுத்துக் கொடுத்தால் தங்கச் சுரங்கம்.

ஆனால் சின்னவளுக்கு வேண்டியது வாய்மொழித் தேர்வுக்குப் பயிற்சி. ஒரு காணொளியைப் பார்த்துவிட்டு அதைப் பற்றித் தமிழில் பேச வேண்டும். தப்பாகப் பேசினால் திருத்திக் கொடுக்கும் தளம் எதுவும் என் கண்ணில் படவில்லை. எனவே மீடியாகார்ப்பின் செய்தித் தளத்தில் ஒரு சிறு காணொளியை எடுத்து, ஒலியை நிறுத்திவிட்டு ஓடவிடுகிறேன். என்ன பார்த்தாய், ஏன் அப்படிச் செய்கிறார்கள், நீயாக இருந்தால் என்ன செய்வாய் என்று கேட்பேன். பிறகு ஒலியோடு போட்டுச் செய்தியாளர் என்ன சொன்னார் என்று கேட்போம். நான் வேலையில் இருக்கும் நாளில் பாட்டிதான் ஆசிரியை. ‘அந்த அங்கிள் ரோட்டை கிளீன் பண்றாரு’ என்று இவள் சொன்னால், ‘துப்புரவு செய்கிறார்னு சொல்லுடி’ என்று உடனே வரும்.

குழுவில் இப்போது நான் எதை அனுப்பினாலும் இந்த மாதிரிதான் எழுதுகிறேன்: ‘ஃபெட், மின்சுற்றுப் பெட்டி. தொடக்கநிலை ஐந்து அறிவியல். இலவசம், பதிவு வேண்டாம். அரை மணி நேரம் போதும். முடிந்ததும் இரண்டு வாக்கியம் எழுதச் சொல்லவும்.’ உயர்நிலைப் பிள்ளைகளுக்கு என்றால், பள்ளி வழியாக வாங்கிய சாதனத்தில் (மடிக்கணினியோ டேப்லெட்டோ) திறக்கிறதா என்பதையும் சேர்த்துவிடுவேன். அதில் இருக்கும் கட்டுப்பாட்டுச் செயலி சில தளங்களைத் தடுக்கும். பள்ளி நேரத்துக்குப் பிறகு எவ்வளவு கட்டுப்பாடு என்பதைப் பெற்றோரே தேர்ந்தெடுக்கலாம். போன வாரம் மேல்மாடி அக்கா முதன்முறையாக வகுப்பு, பாடம் எல்லாம் போட்டு ஓர் இணைப்பை அனுப்பினார். தொடக்கநிலை மூன்று, காந்தம். எனக்கு அந்த வயதில் பிள்ளை இல்லை, ஆனாலும் திறந்து ஒரு தப்புப் பதில் போட்டுப் பார்த்தேன். பரவாயில்லை, காரணம் சொல்கிறது.