நீர்க்கோட்டுக்குக் கீழேயும் செதுக்கித் தந்த பட்டறை

கோயம்புத்தூர் கணபதியில் ஒரு பேட்டர்ன் பட்டறை இருக்கிறது. பம்ப் வார்ப்படங்களுக்கு மரத்தில் அச்சு செய்து கொடுப்பது அவர்கள் தொழில். அங்கே நான் ஒரு கப்பலின் மாதிரி செய்து வாங்கினேன். வெளியே பெயர்ப்பலகை கிடையாது. பெயரை எழுத வேண்டாம் என்று பட்டறைக்காரரும் கேட்டுக்கொண்டார். கப்பல் கேட்டு ஆட்கள் வந்து நின்றால் பம்ப் வேலை கெடும் என்கிறார். பெயரைத்தான் விடுகிறேன், வேலையைப் பற்றி எழுதாமல் இருக்க முடியாது.

கப்பல் இந்தியக் கடற்படையின் ஐ.என்.எஸ். குக்ரி. 1971 போரின்போது, டிசம்பர் 9 இரவு, டையூவுக்கு அப்பால் அரபிக் கடலில் பாகிஸ்தானின் ஹங்கோர் நீர்மூழ்கி அதை டார்பிடோவால், அதாவது நீருக்கடியில் பாயும் குண்டால் அடித்தது. உடன் சென்ற கிர்பான் கப்பலை நோக்கி முதலில் விட்டது வெடிக்கவில்லை. அடுத்தது குக்ரியைப் பிடித்தது. சில நிமிடங்களில் கப்பல் போய்விட்டது. 18 அதிகாரிகள், 176 மாலுமிகள் இறந்தார்கள். கேப்டன் மகேந்திரநாத் முல்லா கப்பலை விட்டு வரவில்லை.

அந்த 176 பேரில் ஒருவன் என் நண்பன். கவுந்தப்பாடிக்காரன். லோனாவாலாவில் ஐ.என்.எஸ். சிவாஜி என்ற கடற்படைப் பயிற்சி நிலையத்தில் இருவரும் ஒன்றாக ஸ்டோக்கர், அதாவது பாய்லர் அறை மாலுமி, பயிற்சி பெற்றோம். விடுமுறை முடிந்து வரும்போதெல்லாம் துணிப்பையில் நாட்டுச் சர்க்கரை கொண்டுவருவான். நான் அப்போது பம்பாயில் வேறு கப்பலில் இருந்தேன். குக்ரி போவதற்கு 5 நாட்களுக்கு முன்புதான் கராச்சிக்கு வெளியே நம் ஏவுகணைப் படகுகள் பாகிஸ்தானின் கைபர், முஹாஃபிஸ் கப்பல்களை மூழ்கடித்திருந்தன. நாங்கள் கட்டிப்பிடித்துக் கொண்டாடினோம். அந்தக் கப்பல்களிலும் பாய்லர் அறையில் என் வயதுப் பையன்கள் நின்றிருப்பார்கள் என்பது குக்ரி போன பிறகுதான் எனக்கு உறைத்தது.

நீர்மூழ்கியை ஒலியால் தேடும் சோனார் கருவியின் சோதனைக்காகக் குக்ரி வேகத்தைக் குறைத்து ஓடியது சரியா என்று இன்றும் வாதிடுகிறார்கள். என் நினைப்பெல்லாம் கீழே பாய்லர் அறையில் இருந்தவர்களைப் பற்றித்தான். கடலும் தெரியாது, வானமும் தெரியாது. மேலே கப்பலை நடத்தும் பிரிட்ஜிலிருந்து வரும் மணிதான் என் நண்பனுக்குச் செய்தி. அதனால்தான் கடையில் கிடைக்கும் கப்பல் பொம்மைகள் எனக்குப் பிடிப்பதில்லை. பலவற்றை நீர்க்கோட்டோடு, அதாவது கடல்நீர் தொடும் மட்டத்தோடு வெட்டி ஒரு பலகையில் ஒட்டிவிடுகிறார்கள். அவன் நின்ற இடமே அதில் இருக்காது.

பட்டறைக்காரரிடம் இதைத்தான் முதலில் சொன்னேன். “அடி முழுவதும் வேண்டுங்களா ஐயா? அப்படியானால் இரண்டு பாதியாகச் செய்து முளை வைத்துச் சேர்க்கிறேன்” என்றார். அச்சுக்காரர்களின் முறை அது. தேக்கில் செய்தார். அடிப்பகுதியின் வளைவைத் தகட்டு வார்ப்புரு வைத்து வைத்துப் பார்த்து இழைத்திருக்கிறார். இருட்டில் தடவினாலும் எங்கே வயிறு முடிந்து பின்புறம் ஒடுங்குகிறது என்று விரலுக்குத் தெரிகிறது. பின்புறத்தில் இரண்டு புரொப்பெல்லர் குறித்திருந்தார். போர்க்கப்பல் என்றால் இரண்டு இருக்கும் என்று நினைத்திருக்கிறார். குக்ரி வகைக்கு ஒன்றுதான். இரண்டு பாய்லர், ஒரு டர்பைன், புரொப்பெல்லரைச் சுற்றும் ஒரே தண்டு. சொன்னதும் மறுபேச்சு இல்லாமல் அந்தத் துண்டைக் கழற்றிவிட்டுப் புதிதாகச் செய்தார். போஃபர்ஸ் பீரங்கிகள் மூன்றும் பித்தளையில் கடைந்தவை. பாய்மரக் கம்பிகளுக்கு மோட்டாருக்குக் காயில் கட்டும் செம்புக் கம்பியையே இழுத்துக் கட்டியிருக்கிறார். பக்கவாட்டில் 149 என்ற எண் நேராக, அளவாக இருக்கிறது.

குறையும் உண்டு. 310 அடிக் கப்பலை நூறில் ஒன்றாகக் கேட்டேன். 94.5 செ.மீ. வர வேண்டும். முதல் உடலை என் டேப்பால் அளந்தபோது ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் கூடுதலாக இருந்தது. இரும்பு ஆறும்போது சுருங்கும் என்பதால் அச்சுக்காரர்கள் வைத்திருக்கும் ஸ்கேலே நூற்றுக்கு ஒன்று நீளமானது. பழக்கத்தில் கை அதை எடுத்துவிட்டது. உடலை ஒதுக்கி வைத்துவிட்டு வேறு மரம் போட்டார், அதற்குக் காசு வாங்கவில்லை. ஆனால் மூன்று வாரம் போனது. நவம்பர் நடுவில் கிடைக்க வேண்டியது டிசம்பர் 6இல்தான் கைக்கு வந்தது. அந்த நாட்களில் எனக்குத் தூக்கம் இல்லை. நாள் குறித்து வேண்டுபவர்கள் ஒரு மாதம் முன்னதாகவே சொல்லிவிடுங்கள். கண்ணாடிப் பெட்டி அவர்கள் செய்வதில்லை, வெளியே செய்துகொள்ள வேண்டும். மொத்தம் 22,000 ரூபாய் ஆனது. அந்த உழைப்புக்கு அது அதிகம் இல்லை.

டிசம்பர் 9 காலையில் காரில் வைத்து அவிநாசி, பெருந்துறை வழியாகக் கவுந்தப்பாடிக்குக் கொண்டுபோனேன். அடியில் மரத்தொட்டில் போட்டுத் திருகியிருந்ததால் ஒரு கம்பிகூட வளையவில்லை. நண்பனின் தம்பிக்கு இப்போது எழுபது வயது. அண்ணன் போனபோது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தவர். தந்தி வந்த வீடு அது, உடல் வரவில்லை. கப்பலைத் திண்ணையில் வைத்தோம். சுற்றிச் சுற்றிப் பார்த்தவர், “எங்கண்ணன் எந்த இடத்தில் இருந்திருப்பாருங்க?” என்று கேட்டார்.

புகைபோக்கிக்கு நேர் கீழே, சிவப்பு வண்ணம் தொடங்கும் கோட்டுக்கும் கீழே விரலை வைத்துக் காட்டினேன். அவர் குனிந்து அந்த இடத்தில் உள்ளங்கையை வைத்தார். வெகுநேரம் கையை எடுக்கவே இல்லை.