டபிள்யூடி-40 கேன்: மலைத்தோட்டத்துல எதுக்கு ஆகும், எதுக்கு ஆகாது

மொதல்லயே சொல்லிர்றேன், இந்த டபிள்யூடி-40 ஸ்ப்ரேய எண்ணெய்னு நெனச்சு வாங்குனா ஏமாத்தம்தான். சைக்கிள் செயினுக்கு அடிச்சேன் நாலு நாள்ல மறுபடி கிரீச் கிரீச்சுங்குது, கேட்டு கீலுக்கு அடிச்சேன் பழைய குருடி கதவத் தெறடின்னு ஆயிருச்சுன்னு பொலம்புற ஆளுங்க எல்லாம் இந்தத் தப்பான எடத்துலதான் நிக்கிறாய்ங்க. உள்ள எண்ணெய் கொஞ்சந்தான், மிச்சம் பூரா மண்ணெண்ணெ ஜாதி சால்வென்ட், அதாவது அழுக்கு, பிசுக்க கரைக்கிற திரவம். அது காத்துல பறந்து போனதுக்கு அப்புறம் மெல்லிசா ஒரு படலம் நிக்கும், அவ்வளவுதான். ஆனா ஈரத்த விரட்டுறதுல இத அடிச்சுக்க ஆளில்ல, தேனி மாவட்டம் கம்பத்துலருந்து கம்பம்மெட்டு மலை ஏறி கேரளா பக்கம் ஏலக்காத் தோட்டம் பாக்குற என்ன மாதிரி ஆளுக்கு அதுதானே வேணும், ஜூன் மாசம் மழ புடிச்சா தொவச்ச சட்ட வாரக்கணக்கா காயாது, மிஷின் மட்டும் எப்படி காஞ்சு கெடக்கும்.

இது பொறந்ததே ஈரத்துக்கு எதிராத்தான். 1953ல அமெரிக்காவுல சான் டியாகோவுல ராக்கெட் கெமிக்கல்னு ஒரு சின்ன கம்பெனி, அட்லஸ் ஏவுகணைன்னு ஒன்னு, அதோட வெளித்தோலு மெல்லிசான ஸ்டீல் தகடு, அது துருப்பிடிக்காம காக்கத்தான் இத கண்டுபுடிச்சாய்ங்க. நாப்பதாவது தடவ கலந்தப்பதான் சரியா வந்துச்சாம், அதான் பேருலயே 40. அங்க வேல பாத்தவங்க கேன வீட்டுக்கு தூக்கிட்டு போக ஆரம்பிச்சதும் ஓனருக்கு பொறி தட்டி 1958ல கடைக்கு கொண்டு வந்தாரு, 1969ல கம்பெனி பேரையே இதுக்கு மாத்திட்டாய்ங்க. உள்ள மீனெண்ணெதான் இருக்குன்னு ஒரு பேச்சு இங்கயும் ஓடுது, அது சுத்தப் பொய், எல்லாம் பெட்ரோலியம்தான்.

சரி, எல்லாரும் கேக்குற விஷயத்துக்கு வர்றேன், ஸ்டார்ட் ஆகாத மிஷினுக்கு இத அடிக்கலாமா. களவெட்டுற மிஷின், பவர் ஸ்பிரேயர், சின்ன பெட்ரோல் பம்புசெட்டு, இதுக எல்லாம் சீசன் முடிஞ்சு ஸ்டோர் ரூம்ல மாசக்கணக்கா கெடந்துட்டு திடீர்னு எடுத்து கயித்த இழுத்தா ஒத்துழைக்கவே ஒத்துழைக்காது, தோள்பட்ட கழண்டு போகும். அப்ப ஏர் பில்டர் மூடிய கழட்டி, பில்டர எடுத்துட்டு, கார்புரேட்டர் (பெட்ரோலையும் காத்தையும் கலந்து எஞ்சினுக்கு விடுற பாகம்) வாய்க்குள்ள ஒரே ஒரு செகண்டு புஸ்ஸுனு அடிச்சு, பில்டர திரும்ப வச்சு மூடிட்டு இழுத்தா பட பட படன்னு பத்தும். அடிக்கலாம், வேல செய்யும், நானும் செய்றேன். ஆனா எதுக்கு செய்றோம்னு தெரிஞ்சு செய்யணும்.

வண்டன்மேட்டு பக்கம் ஒர்க்‌ஷாப் வச்சிருக்க ஒரு சேட்டன்தான் இத எனக்கு தெளிவா சொன்னாரு. அவரு சொன்னது என்னன்னா, "அண்ணே, ஸ்ப்ரே அடிச்சா ரெண்டு செகண்டு ஓடி நின்னா சந்தோஷப்படுங்க, ஸ்பார்க் பிளக்கு நல்லா இருக்கு, கம்ப்ரஷன், அதான் பிஸ்டன் அழுத்துற அழுத்தம், நல்லா இருக்கு, பெட்ரோல் மட்டும்தான் வரல்ல." அதாவது இது மருந்து கெடயாது, டெஸ்ட். ஸ்ப்ரே இருக்குற வரைக்கும் ஓடி அணைஞ்சா கார்புரேட்டர்தான் அடைச்சிருக்கு, இல்ல அதுக்குள்ள இருக்குற டயாப்ரம்ங்குற மெல்லிசான சவ்வு வெறச்சு போச்சு, இல்லாட்டி டேங்குக்குள்ள டியூப் நுனியில தொங்குற குட்டி பில்டர் அழுக்கேறி கெடக்கு. ஸ்ப்ரே அடிச்சும் ஒரு இருமல் கூட வரலையா, அப்ப கார்புரேட்டர் பக்கம் போகவே வேணாம், பிளக்க கழட்டிப் பாருங்க. ரொம்ப பேரு என்ன பண்றாய்ங்கன்னா அடிச்சு அடிச்சு பாதி கேன காலி பண்றாய்ங்க, மிஷின் ஓடி ஓடி அணையுது, இன்னொரு தடவ அடிச்சா புடிச்சுக்கும்னு நெனப்பு, புடிக்காது மாப்ள, பெட்ரோல் வழி அடைச்சிருந்தா கேன் கேனா அடிச்சாலும் புடிக்காது.

அதுக்கும் முன்னாடி ஒன்னு பாக்கணும். பிளக்க கழட்டி மூக்க பாருங்க, நனைஞ்சு பெட்ரோல் வாடை அடிச்சா எஞ்சின் ஏற்கனவே மூழ்கிப் போய் கெடக்குன்னு அர்த்தம், அதுல போய் இன்னும் ஸ்ப்ரே அடிக்கிறது மூழ்குனவன் தலைமேல தண்ணி ஊத்துற கத. சோக்க (காத்த அடைக்கிற மூடிய) தெறந்து விட்டு, பிளக்கு இல்லாம நாலு இழு இழுத்து உள்ள இருக்குறத வெளிய தள்ளி, பிளக்க தொடச்சு மாட்டுனா போதும். இழுக்கும்போது பிளக்கு ஒயர் அந்த ஓட்டை பக்கத்துல தொங்கக் கூடாது, பொறி பட்டா வெளிய வர்ற ஆவி குப்புனு பத்திக்கும். பிளக்கு காஞ்சு போய் இருந்தாதான் ஸ்ப்ரேக்கு வேல.

இந்த அடைப்புத் தொல்ல இப்ப ரொம்ப ஜாஸ்தியானதுக்கு பெட்ரோலும் ஒரு காரணம். இப்ப பெட்ரோல் பங்குல வர்றதுல 20 சதவீதம் எத்தனால், எத்தனால் காத்துல இருக்குற ஈரத்த உறிஞ்சும், நம்ம மலையில ஈரத்துக்கா பஞ்சம். ரொம்ப நாள் டேங்குல விட்டா தண்ணியும் எத்தனாலும் சேந்து அடியில தனியா தங்கிரும், டூ-ஸ்ட்ரோக் எஞ்சினுக்காக நம்ம பெட்ரோல்ல கலந்து வச்ச டூ-டி ஆயில் மேல பெட்ரோலோட நிக்கும், டியூப் அடியிலருந்து இழுக்குறதால ஆயில் இல்லாத தண்ணிச்சாறு எஞ்சினுக்கு போகும். சீசன் முடிஞ்சதும் டேங்க கவுத்து காலி பண்ணிட்டு, மிச்சம் தீந்து தானா அணையிற வரைக்கும் ஓட்டி வச்சிருங்க, அடுத்த வருசம் ஸ்ப்ரே செலவே வராது.

இதுக்குன்னே ஸ்டார்ட்டிங் ப்ளூயிட்னு தனியா ஒரு கேன் விக்கிது, அது ஈதர். ஈதர் ரொம்ப ஆங்காரம் புடிச்சது, சுமார் 160 டிகிரி சூட்டுலயே தானா பத்திக்கும், டூ-ஸ்ட்ரோக் எஞ்சின்ல சிலிண்டர் சொவத்துல இருக்குற கொஞ்ச நஞ்ச எண்ணெயையும் கழுவி விட்டுரும். டூ-ஸ்ட்ரோக்குக்கு பெட்ரோலோட வர்ற ஆயில்தானே உயிரு, அது இல்லாம ஓடுற ஒவ்வொரு செகண்டும் பிஸ்டன் ரிங்குக்கு கேடு. டபிள்யூடி-40ல கொஞ்சமாச்சும் எண்ணெய் இருக்கு, பத்துறதும் நிதானமா பத்தும், அதனால சின்ன மிஷினுக்கு ஈதர விட இது தேவல. அதுக்காக டூ-டி ஆயிலுக்கு ஈடுன்னு நெனச்சுராதீங்க. அந்தக் காலத்துல அமெரிக்கா கேன்ல தள்ளுறதுக்கு புரோபேன், பியூட்டேன்னு கேஸ் போட்டிருந்தாய்ங்க, அப்பல்லாம் அடிச்சா வெடி மாதிரி ஸ்டார்ட் ஆகுமாம், அப்புறம் கார்பன் டை ஆக்சைடுக்கு மாத்திட்டாய்ங்க, அது எரியாது. இப்ப பத்துறது அந்த சால்வென்ட் மட்டுந்தான்.

டீசல் எஞ்சினுக்கு மட்டும் வேணவே வேணாம். அழுத்துற சூட்டுலயே பத்துற எஞ்சின் அது, எப்ப பத்தணும்னு டைமிங் வச்சிருக்கும், நீங்க காத்துக்குழாய்ல எரியிறத அடிச்சா நேரங்கெட்ட நேரத்துல பத்தும், கையால சுத்துற பழைய பம்புசெட்டுன்னா ஹேண்டில் திருப்பி அடிச்சு மணிக்கட்டு போயிரும். ஹீட்டர் பிளக்கு வச்ச ஜீப்புன்னா இன்னும் மோசம், செவக்க சூடான கம்பி மேல ஸ்ப்ரே பட்டா என்னாகும்னு சொல்லத் தேவையில்ல. ஓடி சூடா இருக்குற மிஷின் சைலன்சர் பக்கமும் கேன கொண்டு போகாதீங்க.

எனக்கு இந்த கேன் காச திருப்பிக் குடுத்தது ஸ்டார்ட் பண்ற வேலைய விட வேற எடத்துல. பழைய மாருதி ஆம்னி வேன் வச்சிருக்கவங்களுக்கு தெரியும், மேட்டுல மஞ்சு எறங்குனா காலையில டிஸ்ட்ரிபியூட்டர் (பிளக்குகளுக்கு கரண்ட பிரிச்சு விடுற பாகம்) மூடிக்குள்ள வேர்த்து கெடக்கும், செல்ப் அடிக்கும் வண்டி எழும்பாது. மூடிய கழட்டி உள்ள லேசா அடிச்சு, துணிய வச்சு தொடச்சு, ரெண்டு நிமிசம் ஆற விட்டு மாட்டுனா ஒரே செல்ப்புல எழும்பும். ஆற விடாம மாட்டிராதீங்க, உள்ள பொறி பறக்குற எடம் அது. பைக்குல பிளக்கு கேப்புக்குள்ள, ஹார்ன் சுவிட்சுக்குள்ள, மோட்டார் ஸ்டார்ட்டர் பெட்டி போல்ட்டுல, கரண்ட ஆப் பண்ணிட்டு, அடிச்சு வச்சா ஒரு மழைக்காலம் ஓடிரும். துருப்பிடிச்ச போல்ட்டுக்கு அடிச்ச ஒடனே ஸ்பேனர போட்டு மல்லுக்கட்டாதீங்க, சாயங்காலம் அடிச்சுட்டு போயி காலையில வாங்க, நடுவுல சுத்தியலால லேசா தட்டி விட்டா இன்னும் நல்லது.

மண்வெட்டியில அடிச்சுட்டு வெட்டுனா செம்மண்ணு ஒட்டாம வழுக்கிட்டு விழுகுது, இது நெசம். புதுசா ரோடு போட்ட எடத்துல வண்டி அடியில அப்புன தாரு, அதுக்கும் சூப்பர். இன்னொன்னு, சபரிமல மண்டல சீசன் முடிஞ்சு குமுளி வழியா திரும்புற வண்டிய பாருங்க, கண்ணாடி பூரா படம் ஒட்டுன டேப்பு கறை, மால கட்டுன பசை, பிளேடு வச்சு சொரண்டி கண்ணாடிய கீறிக்கிறாய்ங்க, இத அடிச்சு அஞ்சு நிமிசம் விட்டு தொடச்சா வந்துரும், அப்புறம் சோப்பு போட்டு கழுவிருங்க, இல்லன்னா ராத்திரி எதுத்தாப்ல லைட் அடிக்கும்போது கண்ணாடி பூரா மங்கலாத் தெரியும். பலாப்பிசினுக்கும் இதான் பெஸ்ட்னு ஒருத்தரு சொன்னாரு, தேங்காயெண்ணெய் இருக்குற ஊர்ல திங்கிற சாமானுக்கு எதுக்குய்யா இந்த விஷம்.

அதே மாதிரி ஏலக்கா காய வைக்கிற ஸ்டோர் உள்ள இத அடிக்கவே கூடாது. காய் வாடைய அப்படியே இழுத்துக்கும், போடி ஏலத்துலயும் புத்தடி ஏலத்துலயும் சாம்பிள மோந்து பாத்துதான் வில போடுறாய்ங்க, மண்ணெண்ணெ வாடை வந்தா கிலோவுக்கு எவ்வளவு எறங்கும்னு நீங்களே பாத்துக்கங்க. ஸ்டோர் கதவு கீலுக்கு கிரீஸ் வைங்க.

ரத்தம் உறிஞ்சுற அட்டைக்கு பூட்ஸ்ல அடிக்கிற பசங்க இருக்காய்ங்க, வேல செய்யிதுன்னுதான் சொல்றாய்ங்க, ஆனா தோலுல பட்டா எரிச்சல், எனக்கு சுண்ணாம்பும் புகையிலையும் போதும். மூட்டு வலிக்கு முழங்கால்ல அடிக்கிற கூத்தும் ஒலகம் பூரா நடக்குது, கம்பெனிக்காரனே அது வேணாம்னு சொல்லிட்டான், ஆனாலும் விட மாட்டேங்குறாய்ங்க. பிரேக் டிஸ்க்ல, பிரேக் ஷூல ஒரு துளி பட்டாலும் கொண்டை ஊசி வளைவுல சாமிதான் காப்பாத்தணும், சத்தம் வந்தாலும் அங்க மட்டும் அடிக்காதீங்க. ரப்பர் பீடிங்குக்கு சிலிக்கான் ஸ்ப்ரே வாங்குங்க, செயினுக்கு செயின் ல்யூப் வாங்குங்க, பூட்டுக்குள்ள அடிச்சா அப்போதைக்கு தெறக்கும், பின்னாடி தூசி சேந்து இன்னும் இறுகும், அதுக்கு கிராபைட் பவுடர்தான் சரி.

வாங்குறவங்க 420 மில்லி பெரிய கேனே வாங்குங்க, சின்னது கணக்கு போட்டா நஷ்டம். அந்த செவப்பு குழாய் தொலைஞ்சுச்சுன்னா பாதி மதிப்பு போச்சு, கார்புரேட்டர் வாய்க்கு குறி வச்சு அடிக்கவே முடியாது, குழாய் கேனோடவே மடங்குற மாதிரி வர்றது இருந்தா அதையே எடுங்க. ஒரு கடையில பாதி வெலைக்கு தர்றேன்னு ஒரு கேன நீட்டுனாய்ங்க, எழுத்து மங்கலா அச்சடிச்சு, குலுக்குனா தண்ணி மாதிரி சலசலன்னு, நான் தொடவே இல்ல. எனக்கு அஞ்சுக்கு நாலு ஸ்டார், ஒரு ஸ்டார் கொறச்சது சாமானுக்காக இல்ல, எல்லாத்துக்கும் ஆகும்னு விக்கிற கடைக்காரங்க வாய்க்காக. மேட்டுலருந்து எறங்கி வந்தா கம்பத்து வெயில்ல வண்டி டேஷ்போர்டு மேல கேன வச்சுட்டு போயிராதீங்க, 50 டிகிரிக்கு மேல போனா வெடிக்கும்னு கேன்லயே போட்டிருக்கு, சீட்டுக்கு அடியில நிழல்ல கெடக்கட்டும்.