35 டாலர் பெட்டி, நாலு நிமிஷப் பூட்டு

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், அட்லாண்டாவில் என் ஆபீசுக்குள் துப்பாக்கி கொண்டுபோக அனுமதி இல்லை. அதனால் பகல் முழுக்க அது பார்க்கிங்கில் காரோடுதான் கிடக்கும். இந்தப் பெட்டியை வாங்கியது அதற்காக. இரும்புத் தகடு, மூன்று எண் பூட்டு, சீட்டின் காலில் சுற்றி மாட்ட ஒரு ஸ்டீல் கேபிள். விலை 35 டாலர்.

உண்மையில் வாங்க வைத்தது நியூ ஜெர்சி மச்சான். போனை எடுத்தாலே ஆரம்பித்துவிடுவார்: "நாங்க ஒவ்வொரு கைத்துப்பாக்கிக்கும் தனித்தனியா பர்மிட் வாங்கணும், மாசத்துக்கு ஒண்ணுதான். உங்க பக்கம் கார்ல திருடினது ஐ-95 ரோட்ல ஏறி எங்க தெருவுக்கு வந்துடுது மாப்ளே!" தெற்கிலிருந்து வடக்கே துப்பாக்கி கடத்தும் வழி என்பதால், அந்த நெடுஞ்சாலைக்கு 'அயர்ன் பைப்லைன்' (இரும்புக் குழாய்) என்றே பெயர் விழுந்துவிட்டது. "அவ்வளவு சட்டம் போட்டும் வருதுல்ல, அப்புறம் சட்டம் எதுக்கு?" என்று நானும் விடவில்லை. "திருடு போனா இங்க 36 மணி நேரத்துல போலீஸ்ல சொல்லியாகணும். அங்க?" என்றார். ஜார்ஜியாவில் துப்பாக்கியின் உரிமையாளருக்கு அப்படி ஒரு கட்டாயமே கிடையாது. பேச்சை மாற்றினேன்.

பெட்டிக்கு வருவோம். 9 எம்எம் பிஸ்டலும் தோட்டாக்கள் அடுக்கிய ஒரு மேகசினும் கச்சிதமாக அடங்குகின்றன. உள்ளே ஸ்பாஞ்ச் இருப்பதால் ஓட்டும்போது கடகட சத்தம் இல்லை. டிரைவர் சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டால் வெளியிலிருந்து தெரியாது.

பூட்டுதான் சொதப்பல். நம்பரைச் சொல்லாமல் வீட்டுக்காரம்மாவிடம் கொடுத்தேன். மூடியை மேலே இழுத்துப் பிடித்துக்கொண்டே சக்கரங்களை ஒவ்வொன்றாகத் திருப்பினாள். சரியான எண்ணில் லேசாக இடறுகிறதாம். நாலே நிமிஷம், திறந்துவிட்டாள். கேபிள் அதைவிட மோசம். போல்ட் கட்டரை வைத்து ஒரு அழுத்து, 'டக்'. கண்ணாடியை உடைத்துக் கைக்குக் கிடைத்ததை அள்ளிக்கொண்டு ஓடுபவனைத் தடுக்கும். கட்டரோடு வருபவன் பெட்டியோடு தூக்கிக்கொண்டு போவான்.

போனால் என்ன ஆகும் என்றும் பார்த்துவைத்தேன். எங்கோ ஒரு குற்றத்தில் அது சிக்கினால், சீரியல் நம்பரைப் பிடித்து ஏடிஎஃப் (துப்பாக்கிகளைக் கவனிக்கும் மத்திய அரசு அமைப்பு) தேடிக்கொண்டு வருவது கடையில் முதலில் வாங்கிய ஆள்வரை, அதாவது என் வாசல்வரை. நம்பரை எழுதிவைத்திருந்தால்தான் புகாரே உருப்படியாகக் கொடுக்க முடியும். பில்லோடு சேர்த்துப் போட்டோ எடுத்து வைத்துவிட்டேன்.

ஐந்துக்கு மூன்று நட்சத்திரம், அதுவும் ஸ்பாஞ்சுக்காக. மச்சான் வீட்டுக்குப் போகும்போது துப்பாக்கி வீட்டு அலமாரியிலேயே பூட்டிக் கிடக்கும். துப்பாக்கியை எடுத்துச் செல்ல ஜார்ஜியா தரும் பர்மிட் நியூ ஜெர்சியில் செல்லாது. இப்போதைக்குப் பழைய கேபிளைக் கழற்றிவிட்டு, சைக்கிள் பூட்டும் தடித்த சங்கிலியை மாட்டியிருக்கிறேன். பெட்டியின் துளைக்குள் அது நுழைய அரை மணி நேரம் அரம் போட வேண்டியிருந்தது.