திருப்பூர்க் கிளையில் சென்னைப் பாடத்திட்டம்: ஒரு கணினிப் பயிற்சி மையம்

நான் பணிபுரியும் பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் புதிதாகச் சேரும் இளைஞர்களை, திருப்பூரில் கிளை வைத்திருக்கும் ஒரு கணினிப் பயிற்சி மையத்துக்கு அனுப்பிவருகிறோம். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட அந்த மையத்துக்குக் கோவையிலும் ஓசூரிலும் கிளைகள் உண்டு. அங்கே படித்தவர்களை வேலைக்கு எடுப்பவன் என்ற முறையில் இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன்.

மையத்தின் பலம் எக்செல் வகுப்பு. அதை நடத்தும் ஆசிரியை முன்பு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக, அதாவது வாங்குபவரிடம் ஆர்டர் பேசி அதைக் கவனித்துக்கொள்பவராக, இருந்தவர். ஒரு டீ-சர்ட்டுக்கு எத்தனை கிராம் துணி என்பதில் தொடங்கி, நூல் விலை, நிட்டிங் கூலி, சாயக் கூலி, சாயப்பட்டறையில் குறையும் எடை, தையல், பேக்கிங் என ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பதியவைத்து, நூல் கிலோவுக்கு 10 ரூபாய் ஏறினால் பையருக்கு (வாங்கும் வெளிநாட்டு நிறுவனத்துக்கு) டாலரில் சொல்ல வேண்டிய விலை எவ்வளவு மாறும் என்பதை மாணவரே ஃபார்முலா எழுதிக் கண்டறியும்படி செய்கிறார். அவரிடம் படித்துவந்தவர்களுக்குக் காஸ்டிங் ஷீட்டை (இந்த விலைக் கணக்குத் தாளை) நாங்கள் மறுபடி சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

குறை, மற்ற பாடங்களில் இருக்கிறது. டிப்ளமோவின் பெரும்பகுதி ஜாவா, பைத்தான், வலைத்தள வடிவமைப்பு என்றே போகிறது. சென்னையின் பழைய மகாபலிபுரம் சாலையில் உள்ள ஐடி நிறுவனங்களுக்கு அது பொருந்தும். கோவையின் பம்ப், மோட்டார் தொழிற்சாலைகள் கேட்பது கணினியில் வரைபடம் போடும் ஆட்டோகேடும், கணினிவழி இயங்கும் வெட்டு இயந்திரங்களுக்கான சிஎன்சி புரோகிராமிங்கும். ஓசூரில் பிஎல்சி (தொழிற்சாலை இயந்திரங்களைத் தானாக இயக்கும் கட்டுப்பாட்டுக் கருவி) தெரிந்தவருக்கு மதிப்பு அதிகம். ஆனால் மூன்று ஊர்க் கிளைகளிலும் ஒரே புத்தகம்தான்.

கணக்கு எழுதும் மென்பொருளான டேலி வகுப்பை எடுத்துக்கொள்வோம். ஒரே துணி நிட்டிங், சாயம், பிரிண்டிங் எனப் பல யூனிட்டுகளுக்குப் போய்வரும் ஊர் இது. ஜாப் ஒர்க்குக்கு (வெளி யூனிட்டில் கூலிக்குச் செய்துவாங்கும் வேலைக்கு) அனுப்பும்போதெல்லாம் சலான் எழுத வேண்டும், திரும்பி வந்த எடையைச் சரிபார்க்க வேண்டும், பிறகு ஜிஎஸ்டியின் ஐடிசி-04 படிவத்தில் கணக்குக் காட்ட வேண்டும். 2023 ஆகஸ்டிலிருந்து ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாயைத் தாண்டிய நிறுவனங்களுக்கு இ-இன்வாய்ஸும் (அரசின் இணையதளத்தில் பதிந்து பெறும் பில்) கட்டாயமாகிவிட்டதால், நடுத்தர கம்பெனிகள்கூட இதற்கென்று ஆள் தேடுகின்றன. பாடப்புத்தகத்தில் உள்ள உதாரணமோ மடிக்கணினி வாங்கி விற்கும் ஒரு கடை. துணி வெட்டுவதற்கான மார்க்கரை, அதாவது ஆடையின் பாகங்களைத் துணி வீணாகாமல் அடுக்கிக் காட்டும் வரைபடத்தை, கணினியில் போடும் பயிற்சி இங்கே அறவே இல்லை. இவ்வூர்க் கிளைக்கு இதைவிடப் பெரிய குறை வேறில்லை என்பேன்.

இதற்கு நிர்வாகத்தின் அலட்சியத்தை மட்டும் காரணமாகச் சொல்ல முடியாது. சென்னை நிறுவனங்கள் தங்கள் தேவையை இணைய வேலைவாய்ப்புத் தளங்களில் விளக்கமாக எழுதுகின்றன. திருப்பூரிலோ கேட்டில் தொங்கும் பலகை, வாட்ஸ்அப் குழு, தெரிந்தவர் சொல் ஆகியவற்றால்தான் பெரும்பாலும் ஆள் சேர்க்கிறோம். எங்கள் நிறுவனமும் இதற்கு விலக்கல்ல. தளங்களைப் பார்த்துப் பாடத்திட்டம் வகுப்பவரின் கண்ணுக்கு இந்த ஊரின் தேவை தெரியவே தெரியாது. மையத்தின் வேலைவாய்ப்பு உதவியும் அப்படித்தான்: மாணவர்களுக்கு வரும் அறிவிப்புகளில் பெரும்பாலானவை சென்னை, பெங்களூரு வேலைகள். வீட்டைவிட்டு வெளியூர் செல்ல இயலாதவர்களுக்கு, குறிப்பாகத் திருமணமான பெண்களுக்கு, அவற்றால் பயனில்லை.

வகுப்பறைகள் சுத்தமாக இருக்கின்றன, கணினிகளும் பழுதின்றி ஓடுகின்றன, கட்டணத்தைத் தவணையில் கட்டலாம். சேர விரும்புவோர் டிப்ளமோவைத் தவிர்த்து எக்செல்லுக்கு மட்டும் பணம் கட்டலாம். தனிப்பாடமாகத் தருவதை வரவேற்பில் இருப்பவர்கள் தாமாகச் சொல்வதில்லை, கேட்டால் தருகிறார்கள். சேரும் முன், முன்னாள் மெர்ச்சண்டைசரான அந்த ஆசிரியைதான் அந்த வகுப்பை எடுக்கிறாரா என்பதை உறுதிசெய்துகொள்ளவும்.