எர்சாரி துர்க்மென் கம்பளம்: பல வருடம் மிதித்த பிறகு

எங்கள் ஹாலில் கிடப்பது ஆப்கானிஸ்தானின் வடக்கே ஆந்த்கோய் பக்கத்து எர்சாரி துர்க்மென் பெண்கள் நெய்த கம்பளம். ஷார்ஜாவின் புளூ சூக் சந்தையில் மாடிக் கடை ஒன்றில் வாங்கினோம். பையன் தவழ்ந்ததும் அதன்மேல்தான், இப்போது ஷூவோடு ஓடுவதும் அதன்மேல்தான்.

தெக்கே, யோமுத், சாலோர், சாரிக், சௌதூர், எர்சாரி என்று துர்க்மென்களில் பல குடிகள். ஒவ்வொரு குடிக்கும் கம்பளத்தில் திரும்பத் திரும்ப வரும் 'குல்' என்ற தனி முத்திரை வடிவம் உண்டு. துர்க்மெனிஸ்தான் 1992-ல் தன் கொடியிலேயே ஐந்து குல்களை வைத்துக்கொண்டது. எர்சாரி குல் பெரிய எண்கோணம். கடைக்காரர்கள் அதை யானைக்கால் என்பார்கள்.

முதலில் குறைகளைச் சொல்லிவிடுகிறேன். ஆரம்ப மாதங்களில் ரோமம் கொட்டிக்கொண்டே இருந்தது, வேக்குவம் பை நிறைய சிவப்புப் பஞ்சு. அப்புறம், கோணல். ஒரு முனை மறுமுனையைவிட மூன்று விரல் அகலம். வெறும் தரையில் தெரியாது, டைல்ஸ் கோட்டுக்குப் பக்கத்தில் பளிச்சென்று தெரியும். துர்க்மென் நாடோடிகளின் தறி தரையில் முளையடித்துப் படுக்கைவசமாகக் கட்டுவது. இடம் மாறும்போது பாதியில் பிடுங்கி, வேறிடத்தில் திரும்பக் கட்டுவார்கள். பாவு நூலின் (தறியில் நீளவாக்கில் கட்டும் நூல்) இழுவிசை மாறினால் அகலமும் மாறும். என் மனைவிக்கு இன்றும் அது கண்ணை உறுத்துகிறது. எனக்குப் பிடித்திருக்கிறது.

உழைப்பில் குறை சொல்ல முடியாது. கூடாரத்து மண்தரையில் விரிக்கப் பிறந்த சரக்கு ஆயிற்றே! வாசல் திரை, துணிமணி வைக்கும் பை, கல்யாண ஒட்டகத்தின் விலா அலங்காரம் எல்லாமே அவர்களுக்கு இந்த முடிச்சு வேலைதான். கம்பளியில் எண்ணெய்ப்பசை இருப்பதால், கொட்டிய டீ சற்று நேரம் மேலேயே நிற்கிறது. உடனே துணியால் ஒற்றினால் போதும், தேய்க்கக் கூடாது.

சிவப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். பழைய கம்பளங்களின் சிவப்பு, மஞ்சிட்டி இனச் செடியின் வேரிலிருந்து வந்தது. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் செயற்கைச் சாயமும் நுழைந்தது. சாயங்கால வெயில் ஜன்னல் வழியே விழும்போது எங்களுடையதில் குறுக்குவாட்டில் அடர்சிவப்பு, செங்கல் நிறம் என்று பட்டைகள் தெரியும். ஒரு தடவை தோய்த்த நூல் தீர்ந்து, அடுத்த தடவை தோய்த்த நூல் தொடங்கிய இடம் அது. 'அப்ராஷ்' என்பார்கள். கறை என்று நினைத்து வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள்.

பராமரிப்பில் ஒரே எதிரி அந்துப்பூச்சி. மிதிபடும் இடத்துக்கு அது வராது. சோபாவுக்கு அடியில், வெளிச்சம் படாத ஓரத்தில்தான் அரிக்கும். சில மாதத்துக்கு ஒருமுறை கம்பளத்தைத் திருப்பிப் போடுகிறோம்.

வாங்கும்போது 'புகாரா' என்ற பெயரை மட்டும் நம்ப வேண்டாம். துர்க்மென் கம்பளங்கள் இன்றைய உஸ்பெகிஸ்தானில் உள்ள புகாரா நகரச் சந்தையில் விற்றதால் வந்த பெயர் அது. இன்று லாகூர் சரக்குக்கும் அதே பெயர்தான். புரட்டிப் பாருங்கள்: பின்புறத்திலும் குல் தெளிவாகத் தெரிய வேண்டும், குஞ்சம் பாவு நூலின் தொடர்ச்சியாக இருக்க வேண்டும். தைத்து ஒட்டிய குஞ்சம் என்றால் பேரம் பேசாமலே நடையைக் கட்டலாம்.