பில்டர் ஆபீஸில் அட்மின் வேலையா? ரெரா தளத்தைத் திறந்து பாருங்கள்

வேலைவாய்ப்புச் செயலிகளில் ‘ரியல் எஸ்டேட் அட்மின்’ என்று வரும் விளம்பரங்களில் பல, சேர்ந்த பிறகு டார்கெட் வைத்த டெலிகாலிங்காக மாறிவிடும். தமிழ்நாடு ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) தளம் வேலை விளம்பரத்துக்கானது அல்ல. ஆனாலும் எந்தக் கம்பெனியில் விண்ணப்பிக்கலாம் என்று முடிவுசெய்ய அதைவிட நம்பகமான பட்டியல் இல்லை.

பதிவான திட்டங்கள் கட்டடம், மனைப்பிரிவு என்று தனித்தனியாக, ஆண்டுவாரியாக இருக்கும். கட்டடப் பட்டியலில் இந்த ஆண்டையும் சென்ற ஆண்டையும் திறந்து, உங்களால் தினமும் போய்வர முடிகிற பகுதிகளை மட்டும் எடுங்கள். புரமோட்டர் (திட்டத்தைக் கட்டி விற்பவர்) பெயர், முகவரி, வீடுகளின் எண்ணிக்கை, முடிக்கவேண்டிய தேதி இவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அந்தத் தேதிதான் என்ன வேலைக்கு ஆள் தேவைப்படும் என்று காட்டும். புதிதாகப் பதிவான திட்டத்தில் புக்கிங் வேலை குவியும்: அலாட்மென்ட் லெட்டர், அக்ரிமென்ட், வங்கிக் கடன் காகிதங்கள், தவணை கேட்டு அனுப்பும் டிமாண்ட் லெட்டர், 50 லட்சமும் அதற்கு மேலும் விலை போகும் வீடுகளுக்கு வாங்குபவர் விலையில் பிடித்துக் கட்டும் 1 சதவீத வரியான டிடிஎஸ்ஸின் சான்று. முடியும் தறுவாயில் இருந்தால் கிரயப் பத்திரப் பதிவு, மின் இணைப்புப் பெயர் மாற்றம், சொத்து வரி, குடியிருப்போர் சங்கம். இவற்றில் உங்களுக்குத் தெரிந்ததை, அந்தத் திட்டத்தின் பெயரோடு சேர்த்து விண்ணப்பத்தில் எழுதுங்கள். ஒவ்வொரு காலாண்டும் திட்ட விவரத்தை ரெராவில் புதுப்பிப்பது புரமோட்டரின் கடமை. அதைச் செய்யத் தெரிந்தவருக்கு மதிப்பு அதிகம். வில்லங்கம் போட்டுப் பார்க்கவும், பட்டாவைப் பத்திரத்தோடு ஒப்பிடவும் கற்றுக்கொண்டு போனால் இன்னும் நல்லது.

ஒரு சிக்கல் உண்டு. விளம்பரத்தில் இருக்கும் பிராண்ட் பெயர் ஒன்று, பதிவான பெயர் வேறொன்றாக இருக்கும்; பார்ட்னரின் சொந்தப் பெயரிலோ தனி எல்எல்பி (ஒருவகைக் கூட்டு நிறுவனம்) பெயரிலோகூடப் பதிவு இருக்கலாம். பெயரை நம்பித் தேடினால் கிடைக்காது. விளம்பரத்தில் அச்சிட்டிருக்கும் ரெரா எண்ணை வைத்துப் பொருத்துங்கள்.

500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலம் அல்லது 8 வீடுகளுக்கு மேல் என்றால் பதிவு கட்டாயம். பதிவில்லாமல் புக்கிங் வாங்கும் இடத்தில் தயவுசெய்து சேராதீர்கள். ரசீதில் கையெழுத்துப் போடுவது நீங்கள்தான். அக்ரிமென்டைப் பதிவுசெய்யாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்குவதும் சட்டப்படி கூடாது. இன்டர்வியூவில் இதைக் கேளுங்கள், நேர்மையான ஆபீஸில் நேராகப் பதில் வரும்.

புரோக்கர் அலுவலகங்களுக்கு முகவர் பட்டியல் தனியாக இருக்கிறது. அங்கே பெரும்பாலும் விற்பனை வேலைதான். நிலையான சம்பளம் எவ்வளவு, கமிஷன் எவ்வளவு என்பதை ஆஃபர் லெட்டரில் எழுத்தாக வாங்கிய பிறகே சேருங்கள்.